பிள்ளையைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

(தாய்மார், தாத்தா பாட்டிகள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் கூடியிருந்த அரங்கில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறோம். தொட்டிலை எட்டிப் பார்க்கிறோம். எத்தனை கிலோ, யார் சாயல், ராத்திரி தூங்குகிறதா, பால் குடிக்கிறதா என்று கேட்கிறோம். பிஞ்சுக் கையில் பணத்தை வைத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வருகிறோம். பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீ தூங்கினாயா, நேரத்துக்குச் சாப்பிட்டாயா, தையல் ஆறிவிட்டதா, மனசு எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்பவர் மிகக் குறைவு. எங்கள் மருத்துவமனைகளிலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. குழந்தையை எடை போடுகிறோம், ஊசி போடுகிறோம், அட்டையில் எழுதுகிறோம். தூக்கி வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இன்று நான் பேச வந்திருப்பது தூக்கி வந்தவரைப் பற்றி. அவர் தாயாக இருக்கலாம், தந்தையாக இருக்கலாம், மகளை வேலைக்கு அனுப்பிவிட்டுப் பேரனை வளர்க்கும் ஆச்சியாக இருக்கலாம். அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பச்சைக் குழந்தையை வளர்க்கத் தேவைப்படும் தெம்பைச் சுற்றி இருப்பவர்கள்தான் உண்டாக்குகிறார்கள். அதைக் கெடுப்பவர்களும் அவர்கள்தான். "அவளுக்குச் சாமர்த்தியம் பத்தாது" என்று சொல்லும் வீடு, அந்தச் சாமர்த்தியம் வளர நாம் என்ன செய்தோம் என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெறும் நல்லெண்ணத்தால் இதைச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. 'இது என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் அதில் ஆராய்ந்தார். நான்கு வழிகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து அது கைகூடுவது முதல் வழி. தன்னைப் போன்ற ஒருவர் அதைச் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. அடுத்தவர் சொல்லும் சொல் மூன்றாவது. அந்த நேரத்தில் உடம்பும் மனசும் இருக்கும் நிலை நான்காவது.

இந்தச் சிந்தனையைத் தாய்மார்களிடம் பொருத்திப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் டக்ளஸ் டெட்டி, டோனா கெல்ஃபாண்ட் இருவரும். 1991-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள 86 தாய்மார்கள் இருந்தார்கள். அவர்களில் 48 பேர் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள். தாயின் மனச்சோர்வு, குழந்தையின் சுபாவம், வீட்டார் துணை ஆகியவை அவள் குழந்தையைப் பேணும் விதத்தைப் பாதித்தன. எந்த வழியாகப் பாதித்தன என்பதுதான் முக்கியம். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை குறைவதன் வழியாகவே பெரும்பாலும் பாதித்தன. துணை கிடைத்தால் நம்பிக்கை வளர்கிறது. நம்பிக்கை வளர்ந்தால் பேணுதல் சீராகிறது. குழந்தைக்கு நல்லது செய்ய விரும்புகிறவர்கள் அதை வளர்ப்பவரின் மனசில் தொடங்க வேண்டும் என்று அந்த ஆய்வு காட்டியது.

பண்டூரா சொன்ன நான்கு வழிகளையும் நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து பார்ப்போம்.

முதலாவது, தானே செய்து பழகுவது. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய் வீட்டில். குழந்தையைக் குளிப்பாட்ட ஓர் ஆயா வருவார், அல்லது அம்மாவோ பாட்டியோ கால் நீட்டி உட்கார்ந்து, காலில் கிடத்தி, இதமான வெந்நீர் ஊற்றுவார்கள். துடைத்து, பொட்டு வைத்து, பால் கொடுக்க மட்டும் பெற்றவளின் கையில் கொடுப்பார்கள். அவள் ஓய்வெடுக்கட்டும் என்ற அன்பில் செய்வது இது. அந்த ஓய்வு அவளுக்குத் தேவையும்கூட. ஆனால் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு அவள் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஈரக் குழந்தையைத் தனியாகப் பிடிக்கிறாள். வழுக்கும் உடம்பு, வீரிட்டு அழும் வாய், வாசலில் நின்று பார்க்கும் புதிய உறவுகள். கை நடுங்காமல் என்ன செய்யும்?

அதனால் பாட்டிமார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது. அதை அவளுக்குக் கைமாற்றிக் கொடுங்கள். "கொடு, உனக்குத் தெரியாது" என்று குழந்தையை வாங்கிக்கொள்ளும்போது வேலை சீக்கிரம் முடிகிறது. அவளுடைய தெம்பு ஒரு படி இறங்குகிறது. "நீ பிடி, நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்று சொன்னால் கால் மணி நேரம் கூட ஆகலாம். அந்தக் கால் மணி நேரத்தில் அவள் கற்றுக்கொள்வது அடுத்த பல வருடங்களுக்கு உதவும்.

தானே செய்யும்போது தப்பும் வரும். அந்தப் பயத்தில்தான் பலர் உறைந்து போகிறார்கள். தப்பே செய்யாத தாயாக இருக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் டொனால்ட் வினிகாட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார், மனப்பகுப்பாய்வும் செய்தவர். 1940-களில் தொடங்கி பிபிசி வானொலியில் தாய்மார்களுக்காகப் பல உரைகள் நிகழ்த்தினார். குழந்தைக்குத் தேவை குறையற்ற தாய் இல்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் என்பதே அவர் வாழ்நாள் முழுக்க வலியுறுத்திய கருத்து. தாய் சிறுகச் சிறுகத் தவறும்போதுதான் குழந்தை உலகத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகுகிறது என்றார் அவர்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970-களில் தாயையும் சேயையும் எதிரெதிரே உட்கார வைத்துப் படம் பிடித்து, ஒவ்வொரு கணமாக ஆராய்ந்தார். தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால் குழந்தை எப்படித் தவித்துப் போகிறது என்று காட்டிய அவருடைய சோதனை உலகப் புகழ் பெற்றது. அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவரோடு ஒருவர் சரியாக இசைந்திருப்பது பத்தில் மூன்று பங்கு நேரம்தான். மிச்ச நேரத்தில் ஒருவர் சிரிக்க மற்றவர் வேறு பக்கம் பார்க்கிறார். ஒருவர் கொஞ்ச மற்றவர் சிணுங்குகிறார். பிறகு மறுபடி சேர்ந்துகொள்கிறார்கள். அந்த மறுபடி சேர்தலில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. குழந்தை ஏன் அழுகிறது என்று முதல் தடவையிலேயே கண்டுபிடிக்க முடியாமல் திணறும் தாய்மார்களே, நீங்கள் தோற்கவில்லை. பால் கொடுத்துப் பார்த்து, துணி மாற்றிப் பார்த்து, தோளில் போட்டுத் தட்டிப் பார்த்து, கடைசியில் கண்டுபிடிக்கிறீர்களே, அதற்குப் பெயர்தான் வளர்ப்பு.

இரண்டாவது வழி, தன்னைப் போன்றவரைப் பார்த்துக் கற்பது. ஒரு தலைமுறைக்கு முன்னால் ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்பே தம்பியை இடுப்பில் சுமந்திருப்பாள். அக்கா பிள்ளையைத் தூளியில் ஆட்டியிருப்பாள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்று 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. சிறிய குடும்பம் நல்லதுதான். அதன் ஒரு விளைவு, தன் சொந்தக் குழந்தையைத்தான் வாழ்க்கையில் முதல் கைக்குழந்தையாகத் தூக்கும் பெண்களும் ஆண்களும் நிறையப் பேர் வந்துவிட்டார்கள் என்பது. பார்த்துப் பழக அக்கம்பக்கத்தில் குழந்தை இல்லாதபோது அவர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள். அங்கே தெரிவது துடைத்து வைத்த வீடு, சிரித்த முகம், அழாத குழந்தை. ராத்திரி இரண்டு மணிக்கு, பால் கறை படிந்த நைட்டியோடு, கலைந்த தலையோடு அதைப் பார்க்கும் பெண்ணுக்குத் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றாமல் இருக்குமா?

இதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு ஒரே ஊரின் தாய்மார்கள் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். ஊசி போட்டதும் கலைந்து போகிறார்கள். செவிலியர் சகோதரிகளே, அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் அவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேச விடுங்கள். எட்டு மாதக் குழந்தையின் தாய் சொல்வதை இரண்டு மாதக் குழந்தையின் தாய் கேட்கட்டும். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நாலாம் மாசத்துல சரியாப் போச்சு" என்று தன்னைப் போன்ற ஒருத்தி சொல்லும்போது இறங்கும் பாரம், நான் வெள்ளைக் கோட்டோடு சொல்லும்போது இறங்குவதில்லை.

மூன்றாவது, சொல். இதில்தான் நாம் அதிகமாகத் தவறுகிறோம். இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, "பால் பத்தலையா?" குழந்தை சாயங்காலத்தில் சிணுங்கினால் இந்தக் கேள்வி வருகிறது. மாமியார் கேட்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார், பார்க்க வந்தவர் கேட்கிறார். கேட்பவருக்கு அது ஒரு வார்த்தை. கேட்டுக்கொள்பவளுக்கு அது தீர்ப்பு. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். மாலை நேரத்தில் அடுத்தடுத்துக் கேட்கும். அது இயல்பு. பால் போதுமா என்று தெரிந்துகொள்ள அழுகையை அளவுகோலாக வைக்கக் கூடாது. முதல் வாரம் தாண்டிய குழந்தை நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியதா, அதன் பின் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறுகிறது என்றால் பால் போதும். சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பார்க்கலாம்; அதுவரை அந்தக் கேள்வியை நாக்கிலேயே நிறுத்தி வையுங்கள். நம் பாராளுமன்றம் 1992-இல் குழந்தைப் பால் பவுடர் விளம்பரங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. தாயின் மனசில் ஒரு சந்தேகத்தை விதைத்தால் அவள் தாய்ப்பாலைக் குறைத்துவிடுவாள் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. வியாபாரி சொல்லக் கூடாது என்று சட்டம் தடுத்ததை வீட்டுக்குள் நாமே சொல்லலாமா?

இன்னொன்று, "புள்ளைய அழ விடுறா பாரு." குழந்தை அழுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பாஸ்டன் பக்கத்தில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் டி. பெரி பிரேசல்டன், 80 தாய்மார்களைத் தங்கள் குழந்தைகளின் அழுகையை நாள்தோறும் குறித்து வைக்கச் செய்து, 1962-இல் முடிவை வெளியிட்டார். எந்த நோயும் இல்லாத, நன்றாக வளரும் குழந்தைகள் அவை. பிறந்து சில வாரங்களில் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தில் உச்சத்தைத் தொட்டது. அப்போது நாளுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. மாலையில்தான் அதிகம். பிறகு தானாகவே குறைந்தது. ஆறு வாரக் குழந்தை சாயங்காலம் அழுதால் தாய் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று பொருளில்லை.

"தூக்கித் தூக்கிக் கைச்சூட்டுக்குப் பழக்கிட்டே" என்றும் சொல்வார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் உர்ஸ் ஹன்சிக்கர், ரொனால்ட் பார் இருவரும் செய்த ஆய்வு 1986-இல் வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. தூக்குவதால் இந்த வயதில் குழந்தை கெட்டுப்போவதில்லை. தூக்க ஆள் இல்லாமல் கை ஓய்ந்து, காது அடைத்து, கோபம் தலைக்கு ஏறினால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்குங்கள், யாரையாவது கூப்பிடுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. அந்தக் குலுக்கலில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம்.

நான்காவது, உடம்பு. தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதாவது ஏறத்தாழப் பாதித் தாய்மார்கள், வயிற்றைத் திறந்து செய்த ஓர் அறுவையின் வலியோடு பிள்ளை வளர்ப்பைத் தொடங்குகிறார்கள். மாநிலத்தின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் உடம்பை வைத்துக்கொண்டு ராத்திரி நான்கு முறை எழுந்திருக்கிறாள். பகலில் சோர்ந்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். "பச்சை உடம்பு" என்று சொல்லித் தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கொடுப்பவள் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பத்தியத்தின் பெயரால் காய், பழம், பருப்பு, முட்டையை நிறுத்தக் கூடாது. சோர்வு விடாமல் தொடர்ந்தால் இரத்த அளவையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். ஒரு நாளில் ஒரு முறையாவது நான்கு மணி நேரம் ஒரே மூச்சாக அவள் தூங்க வேண்டும். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒருவர் இருந்தால் அது நடக்கும். அந்த ஒருவர் யார் என்ற கேள்விக்கு வருவோம்.

தந்தையரே, இது உங்களுக்கு. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டாள். ஆண் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைக் கவனித்துக்கொள்வதில் பெண்ணுக்கு 134 நிமிடம், ஆணுக்கு 76. இதற்கு ஆண்களின் மனம் மட்டும் காரணமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாய் வீட்டுப் பிரசவத்தில் கணவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. குழந்தையை ஒரு முறை தூக்கிக் காட்டுவார்கள்; அழுதால் வாங்கிக்கொள்வார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய முதல் மூன்று மாதமும் அவனுக்குக் கைவிட்டுப் போகிறது. பிறகு "எனக்குத் தூக்கத் தெரியாது" என்று அவன் சொல்லும்போது அது உண்மையாகவே இருக்கிறது. தாய் வீட்டு வழக்கத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மருமகனுக்கும் அந்த வீட்டில் ஓர் இடம் கொடுங்கள். துணி மாற்றவும், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டவும், நெஞ்சோடு அணைத்துத் தூங்க வைக்கவும் அவனும் பழகட்டும். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஆணுக்கும் வரும். தந்தையருக்கும் மனச்சோர்வு வருகிறது. 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான தொகுப்பாய்வு, குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் பத்தில் ஒரு தந்தைக்கு அது இருப்பதாகக் கணக்கிட்டது.

இப்போது கண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்வது. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதால் வருவது. இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அணைப்பும் ஓய்வும் போதும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, எதிலும் ஈடுபாடு இல்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, நான் நல்ல தாய் இல்லை என்ற எண்ணமே சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது; அதில் மனச்சோர்வே முதன்மையானது. ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு முதல் இரண்டு வாரங்களில் மனம் முற்றிலும் பிறழ்ந்து போகலாம். தூக்கமே இல்லாமல், குரல்கள் கேட்பதாகச் சொல்லி, சம்பந்தமில்லாமல் பேசினால் பேய் பிசாசு என்று காலம் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நம் மண்ணில் நடந்த ஓர் ஆய்வை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தின் கிராமங்களில், கருவுற்ற கடைசி மாதங்களிலிருந்து பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு. ஆண் பிள்ளை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்திருந்தவர்களுக்கு. கர்ப்ப காலத்தில் துயரமான நிகழ்வுகளைச் சந்தித்தவர்களுக்கு. கைக்கு உதவி கிடைக்காதவர்களுக்கு. இந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவை அவளைச் சுற்றியிருக்கும் வீட்டையும் ஊரையும் பற்றியவை. அவளுக்கு மருந்து தேவைப்படலாம். அவளுடைய வீட்டுக்கு மாற்றம் கட்டாயம் தேவை.

கண்டுபிடிக்கக் கருவியும் இருக்கிறது. 1987-இல் எடின்பரோவில் ஜான் காக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். நிரப்பச் சில நிமிடங்கள் போதும். அதன் தமிழ் வடிவம் வேலூரில் சோதிக்கப்பட்டு 2005-இல் வெளிவந்துவிட்டது. பத்தாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்பது நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழக்கமாக வேண்டும் என்பது என் கோரிக்கை.

கேட்டால் போதுமா, மனநல மருத்துவருக்கு எங்கே போவது என்று நீங்கள் நினைக்கலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்கள் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. ஆதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரின் தலைமையில், நம் கிராமச் செவிலியரைப் போன்ற பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வு கண்ட 903 கர்ப்பிணிகள் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரு பாதிக்குச் சாதாரண வீட்டுச் சந்திப்பு. மறு பாதிக்கு, தன் உடல்நலம், குழந்தையோடு உறவு, சுற்றியுள்ளவர்களோடு உறவு ஆகியவற்றைப் பற்றித் தவறாக ஓடும் எண்ணங்களைத் திருத்திக்கொள்ள உதவும் பேச்சு. 2008-இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவு இது: குழந்தைக்கு ஆறு மாதமானபோது, சாதாரணச் சந்திப்பு பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நீடித்தது, பேச்சு உதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கு மட்டும். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டது, தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரம் கூடியது. பட்டப்படிப்பு இல்லாத கிராமத்துப் பணியாளர்களால் இது முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இந்த முறையை உலகத்துக்கே கையேடாக வெளியிட்டது. நம் செவிலியர்களாலும் அங்கன்வாடிப் பணியாளர்களாலும் இது முடியும். அவர்கள் தலையில் இருக்கும் பதிவேட்டுச் சுமையை இறக்கி, இதற்கான நேரத்தையும் பயிற்சியையும் ஊதியத்தையும் அரசு கொடுக்க வேண்டும்.

அரசின் கடமையைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு வந்தது. தமிழக அரசுப் பணியாளர்களுக்கு 2021 முதல் 12 மாதம். வரவேற்கிறோம். ஆனால் சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், வயல் வேலை செய்பவருக்கும் இந்த விடுப்பு கிடைப்பதில்லை. தனியார் துறைத் தந்தையருக்கு விடுப்பே சட்டத்தில் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். நம் அங்கன்வாடிகள் இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளையே பகலில் வைத்துப் பார்க்கின்றன. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் குழந்தையை யார் பார்ப்பது? முழங்கால் வலியும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள பாட்டி பார்க்கிறார். மாத்திரை வாங்கக்கூட வெளியே போக முடியாமல் பார்க்கிறார். சென்னையில் வாழ்ந்த கல்வியாளர் மினா சுவாமிநாதன், உழைக்கும் ஏழைப் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் போராடினார். 1975-இல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு அவர் தலைமையிலான குழுவின் அறிக்கையும் அடித்தளம். அங்கன்வாடி வந்துவிட்டது. அதற்கும் முந்தைய வயதுக்கான காப்பகம் இன்னும் எல்லா ஊருக்கும் வரவில்லை. அந்தப் பாதிப் பணியை முடிப்பது நம் தலைமுறையின் கடன்.

நிறைவாக உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

பாட்டிமார்களே, செய்து கொடுப்பதைவிடக் கற்றுக்கொடுங்கள். அவள் செய்தது நன்றாக இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் உடம்பையும் கவனியுங்கள். முடியாதபோது முடியவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். தந்தையரே, ராத்திரியில் ஒரு முறை உங்கள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். செவிலியர்களே, குழந்தையை எடை போட்டதும் தாயிடம் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். தாய்மார்களே, உதவி கேட்பது உங்கள் வளர்ப்புக்கு இழுக்கில்லை. மனசு இருட்டிக்கொண்டு வந்தால், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை. இரவும் பகலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகும் நீங்கள் ஒவ்வொருவரும், தொட்டிலை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பெற்றவள் பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.